செய்மதிப் பெட்டியும் மஜீத் காக்காவின் குரலும்

போன மாதம் எங்கள் பழைய கம்பனியின் இப்போதைய முகாமையாளர் தொலைபேசியில் அழைத்தார். கட்டுப்பாட்டு அறைக்கு மேலே நிற்கும் ரேடியோக் கோபுரம் துருப்பிடித்துவிட்டதாம். அதைத் திருத்துவதா, கழற்றி விடுவதா என்று முடிவெடுக்க வேண்டுமாம்.

"இப்ப எல்லா லொறியிலயும் ஜி.பி.எஸ். இருக்குதுதானே மிஸ். செய்மதி நல்லதா, பழைய ரேடியோ நல்லதா எண்டு நீங்கள் ஒரு பக்கத்தில எழுதித் தந்தால் உதவியா இருக்கும்."

இரண்டையும் அருகருகே வைத்து மாதக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்த்தவள் நான். அதனால்தான் என்னிடம் கேட்டார். ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்தப் பக்கத்தில் அடங்காததை இங்கே எழுதுகிறேன்.

அந்தக் காலம்தான் நல்லது என்று சொல்ல நான் வரவில்லை. காலை ஏழு மணிக்கு மாட்டிய ஹெட்போனைப் பின்னேரம் கழற்றும்போது காது சுடும். வீட்டுக்குப் போய்ச் சமைக்கும்போதும் கரகரவென்ற சத்தம் உள்ளே கேட்டுக்கொண்டேயிருக்கும். மாரி தொடங்கினால் எந்த லொறி எந்தப் பள்ளத்தில் நிற்கிறதோ என்று சோறு இறங்காது. இப்போது மழை வந்தால் கொடியில் கிடக்கும் உடுப்பை எடுக்க ஓடுகிறேன். அவ்வளவுதான் என் பொறுப்பு. இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது ரேடியோ அறைக் கதிரையில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

துறைமுகத்தில் இறங்கும் மாவையும் சீமெந்தையும் மாவட்டம் முழுவதும் கொண்டு போகும் தனியார் கம்பனி அது. அதற்கு முன் நான் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் தொலைபேசிப் பெண்ணாக இருந்தேன். உள்நாட்டுச் சண்டை முடிந்து, லொறிகளில் ரேடியோ பூட்ட அனுமதி கிடைத்தபோது இந்தக் கம்பனி ஆள் தேடியது. கொழும்பில் ஆறு கிழமை பயிற்சி தந்தார்கள். கேள், திருப்பிச் சொல், எழுது. படித்ததன் சாரம் அந்த மூன்று சொல்தான்.

ரேடியோவில் வண்டியைக் கண்காணிப்பது என்றால் அதன் சாரதியின் வாயைக் கண்காணிப்பதுதான். "கிண்ணியாப் பாலம் தாண்டிட்டன்" என்று ஒருவர் சொல்வார். நான் அதைத் திருப்பிச் சொல்லி, நேரத்தோடு புத்தகத்தில் எழுதி, சுவரில் இருக்கும் படத்தில் அவருடைய நிற ஊசியை நகர்த்துவேன். குரல் எங்கள் கோபுரத்திலிருந்து மலையில் இருந்த இன்னொரு கோபுரத்துக்குத் தாவி அங்கிருந்து ஊரெல்லாம் போகும். குச்சவெளிக்கு அப்பால் சில இடங்களில் குரல் உடையும். காட்டுப் பக்கம் சில வளைவுகளில் அடியோடு போய்விடும். எந்த வளைவில் யார் எத்தனை நிமிடம் தொலைவார் என்பது எனக்கு மனப்பாடம்.

எங்கள் இயக்க முகாமையாளர் ஹலீம் சேர். கிண்ணியா ஆள், மெலிந்த உடம்பு. இளமையில் சரக்குக் கப்பல்களில் ரேடியோ அதிகாரியாக இருந்தவர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஆனால் அவருடைய ஒரு கேள்வி ஆளை ஒரு வழி பண்ணிவிடும். நான் சேர்ந்த முதல் கிழமை, அறைக்குள் வந்து சிவப்பு ஊசியைக் காட்டி, "இது எங்க?" என்று கேட்டார்.

"கந்தளாயில நிற்குது சேர்."

"எப்ப?"

"இப்பத்தான் சேர்."

"நீங்க பார்த்தீங்களா?"

"இல்ல சேர். பத்து நிமிசத்துக்கு முதல் சாரதி சொன்னவர்."

"அப்ப, பத்து நிமிசத்துக்கு முதல் கந்தளாயில நிண்டது எண்டு சொல்லுங்க தவமணி. இப்ப எங்க நிற்குது எண்டு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஒரு சொல்லுக்கு இவ்வளவு கதையா என்று நினைத்தேன். ஆனால் சில மாதங்களில் என் வாயும் அப்படியே பழகிவிட்டது. வீட்டில் மகள் எங்கே என்று கணவர் கேட்டால்கூட, "நாலரைக்கு ரியூசனில இருந்தவள்" என்றுதான் சொல்வேன்.

சில வருடங்கள் கழித்து, செயற்கைக்கோள் வழியே இடம் காட்டும் செய்மதிப் பெட்டிகள் வந்தன. எல்லா லொறிக்கும் பூட்டமுன் பரீட்சித்துப் பார்க்க வேண்டும் என்று சேர் சொன்னார். ஆறு லொறிகளில், ஒவ்வொன்றிலும் இரண்டு வகைப் பெட்டிகளைப் பூட்டினோம்.

இங்கே பலரும் குழம்புகிற ஒரு விசயத்தை விளக்க வேண்டும். இரண்டு பெட்டியும் தான் இருக்கும் இடத்தைச் செய்மதிகளிடமிருந்துதான் அறிந்துகொள்கிறது. ஆனால் அறிந்ததை எங்களுக்கு எப்படி அனுப்புகிறது என்பதில்தான் வித்தியாசம். முதல் வகை, கைத்தொலைபேசிக் கோபுரம் வழியாக அனுப்பும். மலிவு, நிமிடத்துக்கு ஒரு தடவை வரும். ஆனால் கோபுரம் செத்தால் பெட்டியும் ஊமை. இரண்டாவது வகை, செய்மதிக்கே நேராக அனுப்பும். எந்தக் கோபுரமும் தேவையில்லை. விலையோ அதிகம், கட்டணமும் அதிகம். அதனால் மணிக்கு ஒரு தடவை மட்டும் அனுப்பும்படி வைத்திருந்தோம்.

சேர் ஒரு பெரிய கொப்பியில் தானே கோடு கீறித் தந்தார். முதல் நிரலில் நேரம். அடுத்ததில் சாரதி ரேடியோவில் சொன்ன இடம். பிறகு முதல் பெட்டி சொன்ன இடம், இரண்டாவது பெட்டி சொன்ன இடம். கடைசி நிரலுக்கு மேலே "எப்படித் தெரியும்?" என்று எழுதியிருந்தார். மூன்றும் ஒத்துப்போகாத நேரத்தில், எது சரி என்பதை விசாரித்து அதில் எழுத வேண்டும்.

மூன்று மாதம் எழுதினேன். சிரிப்பும் வந்தது, சண்டையும் வந்தது. துறைமுகத்தில் பாரந்தூக்கிகளுக்கும் தகரக் கூரைகளுக்கும் நடுவில் நின்ற லொறியை ஒரு நாள் இரண்டாவது வகைப் பெட்டி கடலுக்குள் காட்டியது. "நங்கூரம் போட்டாச்சா எண்டு கேளுங்க" என்றார் சேர், முகத்தில் சிரிப்பே இல்லாமல். இன்னொரு நாள், "கந்தளாய் தாண்டிட்டன் அக்கா" என்று ரேடியோவில் சொன்ன சாரதியைப் பெட்டி தம்பலகாமத்தில் ஒரு வீட்டு வாசலில் காட்டியது. விசாரித்தால், மச்சான் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. அந்தக் குரலை நான் துளியும் சந்தேகிக்கவில்லை. அதுதான் எனக்குச் சுட்டது. அதற்குப் பிறகு சாரதிகளில் இரண்டு பேர் சொக்லேட் சுற்றிய வெள்ளித்தாளால் பெட்டியை மூடப் பார்த்தார்கள். சேர் ஏசவில்லை. "வெள்ளித்தாள் போட்ட நாட்களில லொறி எங்க நிண்டது எண்டு எழுதித் தாங்க" என்று மட்டும் கேட்டார். தாள் காணாமல் போய்விட்டது.

மூன்று மாத முடிவில் நான் அறிக்கை எழுதினேன். ரேடியோ இருக்கட்டும். தொலைபேசி வழிப் பெட்டியை எல்லா லொறிக்கும் பூட்டலாம். நேரே செய்மதிக்கு அனுப்பும் பெட்டி தேவையில்லை. மணிக்கு ஒரு தடவை வரும் புள்ளிக்காக இவ்வளவு செலவு வீண். இதை அழகாகத் தட்டச்சு செய்து சேரின் மேசையில் வைத்தேன். என் எழுத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அடுத்த கிழமை மழை பிடித்தது.

மார்கழி மழை எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் அந்த முறை ஐந்து நாள் விடவேயில்லை. வெருகல் பக்கம் ஆறு பெருகி, ஈச்சிலம்பற்றில் சனங்கள் பாடசாலைகளில் தங்கியிருந்தார்கள். அவர்களுக்கு அரிசி, பருப்பு, மருந்துப் பெட்டிகள் ஏற்றிக்கொண்டு, பரீட்சைக்குப் பூட்டிய இரண்டு பெட்டியும் இன்னும் கழற்றாத லொறி ஒன்று காலையில் புறப்பட்டது. சாரதி மஜீத் காக்கா, மூதூர்க்காரர். எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள். கம்பனியிலேயே மூத்த சாரதி. என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். ரேடியோவில் அவர் ஒரு தடவை சொன்னதை நான் இரண்டாம் தடவை கேட்டதில்லை. அவ்வளவு தெளிவு. துணைக்கு ஆள் போட்டால், "இந்த ரோட்டுக்கு எனக்கு ஆள் தேவையா?" என்று திருப்பி அனுப்பிவிடுவார். அன்றும் தனியாகத்தான் போனார்.

மத்தியானம் தெற்குப் பக்கத்துத் தொலைபேசிக் கோபுரங்கள் எல்லாம் விழுந்துவிட்டன. முதல் பெட்டியின் புள்ளி ஒரு இடத்தில் உறைந்து நின்றது. மூன்று பத்துக்கு அவருடைய குரல் வந்தது.

"கொன்ட்ரோல், மஜீத். தங்கச்சி, என்ஜின் நிண்டுட்டுது. தண்ணி படிக்கு மேல வந்துட்டு. கோயில் வளைவைத் தாண்டி, பெரிய மதகுக்குக் கிட்ட நிற்கிறன்."

நான் திருப்பிச் சொன்னேன், எழுதினேன், ஊசியைக் குத்தினேன். வெள்ளத்தில் வண்டி மாட்டினால் உதவவென்று எங்கள் கெப் வாகனம் ஒன்று, சிறிய பிக்அப், காலையிலிருந்தே அந்தப் பக்கம் நின்றது. அதன் சாரதி ரவி மூதூரிலிருந்து இரண்டு மீனவச் சகோதரர்களையும் அவர்களுடைய பைபர் படகையும் உழவு இயந்திர இழுவைப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு தண்ணீர் தொடங்கும் இடம் வரை வந்திருந்தார். இருட்டுவதற்கு முன் ஒரே ஒரு ஓட்டம்தான் போகலாம் என்று அவர்கள் முதலே சொல்லியிருந்தார்கள். நான் ரவியைக் கூப்பிட்டு, படகைப் பெரிய மதகுக்கு அனுப்பச் சொன்னேன். மெயின் ரோட்டு வழியே நேரே போனால் சரி.

அப்போதுதான் ஹலீம் சேர் உள்ளே வந்தார். குடையை மூலையில் சாய்த்துவிட்டு, கணினித் திரையைப் பார்த்தார். இரண்டாவது பெட்டியின் புள்ளி மதகுக்குக் கிட்ட இல்லை. மூன்று கிலோமீற்றர் கிழக்கே, கடற்பக்கமாக நின்றது.

"இது எப்ப வந்தது?"

"ரெண்டு நாற்பத்தொண்டு சேர். பழசு. காக்கா இப்ப மூண்டு பத்துக்குத்தான் கதைச்சவர். அந்தப் பெட்டி லொறியைக் கடலுக்குள்ள காட்டினதும் உங்களுக்குத் தெரியும்தானே."

"அண்டைக்குச் சுத்திவர இரும்பு. இந்த வயலுக்குள்ள இரும்பு எங்க?" என்றார். பிறகு, "என்ஜின் எப்ப நிண்டதாம்?" என்று கேட்டார்.

நான் அதைக் கேட்கவில்லை. பயிற்சியில் படித்த மூன்று சொல்லில் கேள் என்பதுதான் முதலாவது. அவருடைய குரலைக் கேட்டதும் எனக்கு வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. அவரை அழைத்தேன்.

"காக்கா, என்ஜின் நிண்டு எவ்வளவு நேரம்?"

"முக்கால் மணித்தியாலம் இருக்கும் தங்கச்சி. மருந்துப் பெட்டியெல்லாம் நனையாம மூட்டைக்கு மேல ஏத்திட்டுத்தான் உங்களைக் கூப்பிட்டன்."

சேர் கொப்பியின் ஓரத்தில் பென்சிலால் எழுதினார். 2:25, நின்றது. 2:41, பெட்டி. 3:10, குரல். அதற்குக் கீழே ஒரு கோடு கீறினார். பெட்டி அனுப்பியபோது லொறி ஏற்கெனவே நின்றுவிட்டது. நின்ற லொறி அதற்குப் பிறகு மூன்று கிலோமீற்றர் போகாது. இரண்டில் ஒன்று பிழை.

"படத்தில அந்தப் புள்ளிக்குக் கீழ ஒரு மெல்லிய கோடு ஓடுது. என்ன அது?"

"குளக்கட்டு ரோட்டு சேர். மெயின் ரோட்டில இருந்து இடப்பக்கமாப் பிரியும்."

அந்த நேரம் பார்த்து ரேடியோவில் காக்கா மறுபடி வந்தார்.

"தங்கச்சி, தண்ணி ஏறுது. நான் இறங்கி நடந்து கோயிலுக்குப் போயிடுறன். பின்னால நூறு யார் தூரம்தானே. அங்க மேடு."

அவர் குளக்கட்டில் நின்றால் பின்னால் கோயில் இல்லை, மேடும் இல்லை. ஒரு பக்கம் குளம், மறுபக்கம் வெள்ளத்தில் மூழ்கிய வயல். இரண்டும் ஒரே நிறத் தண்ணீர்.

"இறங்க வேண்டாம் காக்கா! நீங்கள் மெயின் ரோட்டில இல்லை. குளக்கட்டு ரோட்டுக்குள்ள போயிட்டீங்கள் போல."

இரைச்சலுக்கு நடுவே அவர் குரல் ஏறியது.

"என்ன கதை இது தங்கச்சி? முப்பது வருசமா ஓடுற ரோட்டை எனக்குத் தெரியாதா? வளைவை என்ட கண்ணால கண்டன்."

சேர் என்னைப் பார்த்தார். அவர் ரேடியோவை வாங்கிக் கட்டளை போட்டிருக்கலாம். போடவில்லை. காக்கா என் குரலுக்குத்தான் பழக்கம் என்பது அவருக்குத் தெரியும். "அவருக்கு இப்ப தெரியிற ஒண்டைக் கேளுங்க" என்றார் மெதுவாக.

மாரி நாட்களில் சாரதிகள் அந்த ரோட்டிலிருந்து சொல்வதெல்லாம் என் காதுக்குள் ஓடியது. எந்த மரம் விழுந்தது, எந்தக் கம்பம் சாய்ந்தது என்று வருடா வருடம் எழுதியிருக்கிறேன். கம்பம்!

"காக்கா, மெயின் ரோட்டில வலப்பக்கம் நெடுக கரண்ட் கம்பம் வரும். உங்களுக்கு வலப்பக்கம் கம்பம் தெரியுதா? பார்த்துச் சொல்லுங்கோ."

கதவுக் கண்ணாடியைத் துடைத்திருப்பார் போலும். நான் சுவரிலிருந்த மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முழுதாக ஒரு நிமிடம் போனது.

"இல்ல." அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதேயில்லை. "கம்பம் இல்ல தங்கச்சி. எந்தப் பக்கமும் இல்ல."

"குளக்கட்டு ரோட்டு பிரியிற பள்ளிக்கூட வளைவைத்தான் நீங்கள் கோயில் வளைவு எண்டு நினைச்சிருக்கிறீங்கள். லொறிக் கூரையில ஏறி இருங்கோ. படகு உங்களிட்ட வரும். என்ன நடந்தாலும் இறங்க வேண்டாம்."

"ஓம்" என்றார். அத்தோடு சரி. பற்றரிக்குள் தண்ணீர் போயிருக்க வேண்டும். அதற்குப் பிறகு எத்தனை தடவை கூப்பிட்டும் பதில் இல்லை.

படகு அதற்குள் மெயின் ரோட்டில் பாதித் தூரம் போய்விட்டது. நல்ல வேளையாகக் கைரேடியோ ஒன்றை ரவி படகில் கொடுத்துவிட்டிருந்தார். திரும்பி, குளக்கட்டுப் பிரிவால் வரச் சொன்னேன். மதகு வரை போயிருந்தால் அங்கிருந்து நீரோட்டத்துக்குக் குறுக்கே வர ஏலாது என்றும், திரும்பி வரும்போது இருட்டியிருக்கும் என்றும் அந்தச் சகோதரர்கள் பிறகு சொன்னார்கள்.

மூன்று நாற்பத்தொன்றுக்கு இரண்டாவது பெட்டி அடுத்த புள்ளியை அனுப்ப வேண்டும். அது கூரையில் பூட்டியது, தன் சொந்தப் பற்றரியில் ஓடுவது. சேரும் நானும் திரையின் முன்னால் நின்றோம். நாற்பத்திரண்டு ஆனது. நாற்பத்து மூன்றில் வந்தது. இலக்கங்களை ஒவ்வொன்றாக வாசித்தேன். பழைய இலக்கங்களேதான். அதே இடம். கண்ணீர் வந்துவிட்டது. மணிக்கு ஒரு தடவை வரும் புள்ளி வீண் செலவு என்று எழுதினவள் நான்.

நாலு நாற்பத்தொன்றிலும் அதே இடம். ஐந்து மணி கழிந்து சில நிமிடங்களில் படகிலிருந்து குரல் வந்தது.

"கொன்ட்ரோல், ஆளை எடுத்தாச்சு. கூரையில இருந்தவர். மருந்துப் பெட்டியையும் ஏத்தச் சொல்லி நிற்கிறார், என்ன செய்ய?"

"ஏத்துங்கோ" என்றேன். சேர் வெளியே போய் மழை தெறிக்கும் விறாந்தையில் நின்றார். அவருடைய தோள் ஒரு தடவை இறங்கி ஏறியதைக் கண்ணாடி வழியே கண்டேன். பிறகு உள்ளே வந்து, "எத்தனை மணிக்கு எடுத்ததாம்? எழுதினீங்களா?" என்று கேட்டார். எழுதியிருக்கவில்லை. அவரே பேனையை எடுத்து எழுதினார்.

அடுத்த நாள் காலை அந்தக் குளக்கட்டு உடைந்தது. லொறி வயலுக்குள் பக்கவாட்டில் புரண்டு கிடந்ததைத் தண்ணீர் வற்றிய பிறகுதான் மீட்டார்கள்.

குளக்கட்டு உடைந்த அன்றே, என் அறிக்கையைத் திருப்பித் தரும்படி சேரிடம் போய்க் கேட்டேன். அது பிழை, கிழிக்க வேண்டும் என்றேன். மேசை லாச்சியிலிருந்து எடுத்து நீட்டினார்.

"வாசிச்சிட்டன். இதில பொய் ஒண்டும் இல்ல. மூண்டு மாசத்தில நடந்ததை எழுதியிருக்கிறீங்க. நேற்று நடந்ததையும் சேர்த்து எழுதுங்க."

சேர்த்து எழுதினேன். முகாமையாளருக்குப் போன மாதம் கொடுத்த பக்கத்திலும் அதையே சுருக்கமாகச் சொன்னேன். தொலைபேசிக் கோபுரம் நிற்கும் நாட்களில் மலிவான பெட்டி போதும். கோபுரம் விழுகிற நாளுக்கு நேரே செய்மதியோடு பேசும் பெட்டி வேண்டும், குறைந்தது வெள்ளப் பக்கம் போகும் வண்டிகளுக்காவது. ஆனால் எந்தப் பெட்டியும் என்ஜின் எப்போது நின்றது, வலப்பக்கம் கம்பம் இருக்கிறதா என்று கேட்டால் பதில் சொல்லாது. இறங்காதே என்று சாரதிக்குச் சொல்லவும் மாட்டாது. அதற்கு ரேடியோ வேண்டும். ரேடியோவை மட்டும் நம்பியிருந்தால் நான் அனுப்பிய படகு ஆளில்லாத மதகுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். பெட்டியை மட்டும் நம்பியிருந்தால் காக்கா நடக்கத் தொடங்கியது எங்களுக்குத் தெரிந்தே இருக்காது. ரேடியோக் கோபுரத்தைத் திருத்துவதாகப் போன கிழமை சொன்னார்கள். கேட்டு மனம் ஆறிவிட்டது.

வெள்ளம் வடிந்து சில நாட்களில் மஜீத் காக்கா அலுவலகத்துக்கு வந்தார். கூடவே அவருடைய மனைவி, கையில் ஒரு தூக்குச்சட்டி நிறைய, தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்து அவித்த வட்டிலப்பம். மனைவி கட்டுப்பாட்டு அறையை அதற்கு முன் கண்டதில்லை. வாசலில் நின்று ஊசி குத்திய படத்தையும் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்களா கொன்ட்ரோல்? கொன்ட்ரோல் சொன்ன, கொன்ட்ரோல் சொன்ன எண்டு இவர் எப்பவும் சொல்லுவார். நான் யாரோ பெரிய மனுசன் எண்டு நினைச்சிருந்தன்."

நான் கதிரையை இழுத்துப் போட்டு இருக்கச் சொன்னேன். காக்கா தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார். மனைவி என் பக்கம் சாய்ந்து, அவருக்கும் கேட்கும்படியாகவே கேட்டார்.

"புள்ள, இவர் வழி தவறிப் போயிட்டார் எண்டு நீங்க இவரிட்டயே சொன்ன எண்டது உண்மையா?"

"ஓம்" என்றேன்.

"இவர் கேட்டாரா?"

"கேட்டவர்."

"அல்லாஹ்வே! எங்கட வீட்டில முப்பது வருசமா ஒருத்தருக்கும் சொல்ல ஏலாத கதை அது."

முதலில் சிரித்தது மஜீத் காக்காதான். பிறகு எங்களாலும் அடக்க முடியவில்லை. ரேடியோவில் யாரோ ஒரு சாரதி, "கொன்ட்ரோல், கொன்ட்ரோல்" என்று கூப்பிட்டுக்கொண்டேயிருந்தார். பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.